பள்ளிக்குள் பிள்ளை, வாசலுக்கு வெளியே பெற்றோர்

பள்ளிகள், மருத்துவமனைகள், வழிபாட்டுத் தலங்கள் ஆகிய இடங்களில் கைது நடவடிக்கைகளைக் குடியேற்றச் சட்ட அமலாக்க அதிகாரிகள் தவிர்க்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வந்தது. 2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் இரண்டாம் முறையாக அதிபர் பொறுப்பை ஏற்றதும் எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்றாக அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வகுப்பறைக்குள் அதிகாரிகள் நுழைந்து மாணவர்களை வரிசையாக அழைத்துச் செல்லும் காட்சிகள் அதன்பின் அரங்கேறிவிடவில்லை. நடந்தது வேறு. பிள்ளையைப் பள்ளியில் விடச் செல்லும் வழியிலோ, விட்டுவிட்டுத் திரும்பும் வழியிலோ தந்தை அல்லது தாய் பிடிபட்ட செய்திகள் பல நகரங்களிலிருந்து வந்தன. ஒரு வட்டாரத்தில் அப்படி ஒரு செய்தி போதும்; மறுநாள் அந்தப் பள்ளியின் வாசலில் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு, அமெரிக்காவின் காய்கறி, பழத் தேவையில் பெரும்பங்கை விளைவிக்கும் பகுதி. தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரியில் அங்கு நடந்த சோதனைகளுக்குப் பிறகு, ஐந்து பள்ளி மாவட்டங்களில் மாணவர்கள் பள்ளிக்கு வராமல் இருப்பது 22 சதவீதம் கூடியதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் டீ தமது ஆய்வில் கண்டறிந்தார். இந்த உயர்வு மிகச் சிறிய குழந்தைகளிடையே அதிகமாக இருந்தது என்பது கூர்ந்து கவனிக்கத்தக்கது. பதினைந்து வயது மாணவன் தானே பேருந்து ஏறிப் பள்ளிக்குப் போய்விடுவான். ஐந்து வயதுக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வர ஒருவர் வேண்டும். வரத் தயங்கியவர்கள் அந்தக் கையைப் பிடித்திருந்த பெற்றோரே என்று கொள்வதில் பிழையிருக்காது.

குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமுண்டா என்பது அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளியில் என்ன இடம் என்ற கேள்வியோ பின்தள்ளப்பட்டே வந்திருக்கிறது. இன்று உடைந்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது உறவுதான். பிள்ளைக்கு உரிய சட்ட உரிமை எழுத்தளவில் அப்படியே இருக்க, அதைப் பயன்படுத்த உதவும் பாலம் மட்டும் பலகை பலகையாகக் கழற்றப்படுகிறது.

இதன் வேரைக் காண 1977-ஆம் ஆண்டின் டெக்சாஸுக்குப் போக வேண்டும். முறையான ஆவணங்கள் இல்லாத குழந்தைகளின் கல்விக்கு மாநில நிதி கிடையாது என 1975-இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அதையொட்டி டைலர் என்ற சிறு நகரத்தின் பள்ளி நிர்வாகம், அத்தகைய குழந்தை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவித்தது. ரோஜாத் தோட்டங்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு அது நினைத்தும் பார்க்க இயலாத தொகை. நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. அடையாளம் வெளிப்பட்டால் நாடு கடத்தப்படுவார்கள் என்பதால், 'டோ' என்ற புனைபெயரில் வழக்காட நீதிபதி அனுமதித்தார். பலர் கண்ணில் படாதிருக்க, விசாரணை விடியற்காலையில் நடத்தப்பட்டது. நீதிமன்றத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படலாம் என அஞ்சி, வீட்டுச் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காக ஒரு பெற்றோர் எவ்வளவு தூரம் துணிய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

'பிளைலர் எதிர் டோ' எனப்படும் அவ்வழக்கில் 1982 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் குழந்தைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்து, வழக்கிற்குத் தம் பெயரையே தந்துவிட்ட ஜிம் பிளைலர், தாம் தோற்றது நல்லதற்கே என்று பிற்காலத்தில் மனம் திறந்து கூறியிருக்கிறார். தோற்றவரும் மகிழ்ந்த தீர்ப்பு என்ற வகையில் அது அபூர்வமானது.

ஆனால், நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதிய அத்தீர்ப்பின் அடித்தளத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். சட்டத்தை மீறி எல்லை கடந்தவர்கள் பெற்றோர். அவர்கள் செயலுக்குக் குழந்தைகளைத் தண்டிப்பது நியாயமன்று என்பதே அதன் சாரம். குழந்தையைக் காப்பதற்காகக் குழந்தையையும் பெற்றோரையும் தீர்ப்பு தனித்தனியே பிரித்து வைத்தது. குழந்தை குற்றமற்றது, பெற்றோரைப் பற்றி அப்படிச் சொல்லப்படவில்லை. பள்ளிக்குள் நுழையும் உரிமை குழந்தைக்கு அரசமைப்புச் சட்டத்தின் பெயரால் கிடைத்தது. பெற்றோருக்குக் கிடைத்ததோ, குடியுரிமை பற்றிப் பள்ளிகள் கேள்வி கேட்பதில்லை என்ற நடைமுறை நாகரிகம் மட்டுமே.

நாகரிகத்தை நம்பி வாழ்வது எவ்வளவு நிலையற்றது என்பதை அலபாமா மாநிலம் 2011-இல் காட்டியது. புதிதாகச் சேரும் மாணவர்களின் குடியேற்ற நிலையைப் பள்ளிகள் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அங்கு ஒரு சட்டம் வந்தது. எந்தக் குழந்தையையும் வெளியேற்றும்படி அச்சட்டம் கூறவில்லை. கணக்கெடுக்க மட்டுமே சொன்னது. நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த அனுமதித்த சில நாள்களுக்குள், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பள்ளிக்கு வரவில்லை. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 'உங்களை ஒன்றும் செய்ய மாட்டோம், விவரம் மட்டும் கேட்கிறோம்' என்ற சொல் ஒரு குடியேறியின் காதில் எப்படி விழும் என்பதை அலுவலகங்களில் அமர்ந்து படிவம் தயாரிப்பவர்கள் அறிவதில்லை.

படிவங்களைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. பள்ளியில் இலவச மதிய உணவுக்கான விண்ணப்பத்தில், கையெழுத்திடும் பெரியவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் கேட்கப்படும். எண் இல்லாதவர்கள் 'இல்லை' என்ற கட்டத்தைக் குறித்தால் போதும், உணவு கிடைக்கும். அந்த 'இல்லை'யைக் குறிப்பதே தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பது ஆகாதா என்று ஒரு தாய் தயங்குவதில் வியப்பில்லை. சுற்றுலாவுக்கு உடன் செல்லவோ வகுப்பில் உதவவோ முன்வரும் பெற்றோரிடம் பல பள்ளி மாவட்டங்கள் அடையாள அட்டையும் பின்னணிச் சரிபார்ப்பும் கோருகின்றன. குழந்தைகளின் பாதுகாப்புக்கு அது தேவையானதே. எனினும், அந்த விதியால் ஒதுங்கிக்கொண்ட தாயைப் பற்றி ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சு, 'அவருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை' என்பதாகவே இருக்கும்.

அக்கறையின்மை என்ற இந்தக் குற்றச்சாட்டு குடியேறிகளைப் போலவே பழமையானது. பெற்றோர் பள்ளிக்கு வர வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், நிதி திரட்ட வேண்டும், ஆசிரியருடன் சமமாக அமர்ந்து விவாதிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளி எதிர்பார்க்கிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வருவோருக்கு ஆசிரியரின் வேலையில் தலையிடுவது மரியாதைக் குறைவு. ஸ்பானிய மொழியில் கல்வியைக் குறிக்கும் 'எதுகாசியோன்' என்ற சொல் நல்லொழுக்கம், பணிவு, வளர்ப்பு ஆகியவற்றையும் சேர்த்தே சுட்டும். பாடம் சொல்லித் தருவது ஆசிரியர் பொறுப்பு, ஒழுக்கம் கற்பிப்பது வீட்டின் பொறுப்பு என்பது அவர்களுடைய பகுப்பு. நமக்கு இது புதிதன்று. 'கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்த தந்தையர், நம் ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை இருந்தார்கள். அவர்களை அக்கறையற்றவர்கள் என எவரும் சொன்னதில்லை. முழு நம்பிக்கையின் வெளிப்பாடாகவே அந்த விலகல் பார்க்கப்பட்டது. அதே விலகல் கலிஃபோர்னியாவில் மதிப்பெண் குறையக் காரணமான 'குறைபாடு' ஆகிவிடுகிறது.

மொழி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பவர்கள் என வகைப்படுத்தப்பட்ட மாணவர்கள் சுமார் 50 லட்சம் பேர். ஆங்கிலம் அறியாத மாணவனுக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே புத்தகத்தைத் தந்துவிட்டுச் சமவாய்ப்பு அளித்ததாகச் சொல்ல முடியாது என்று 1974-இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் சீன மாணவர்கள் தொடர்ந்த 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. பெற்றோரின் மொழிக்கு அந்தக் கவனம் கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 2015 ஜனவரியில் நீதித் துறையும் கல்வித் துறையும் கூட்டாக வெளியிட்ட சுற்றறிக்கை, பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டியது பள்ளியின் கடமை என்றும், மொழிபெயர்ப்புக்கு மாணவர்களையோ உடன்பிறந்தோரையோ நண்பர்களையோ நம்பக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது.

இந்தக் கடைசி நிபந்தனை ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு ஆசிரியர்-பெற்றோர் சந்திப்பைக் கற்பனை செய்தால் விளங்கிக்கொள்ளலாம். ஒதுக்கப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தாய்க்குச் சொல்ல வேண்டியவன், யாரைப் பற்றிப் பேசப்படுகிறதோ அந்த மாணவனே. வீட்டுப்பாடம் ஒரு மாதமாக வரவில்லை என்ற புகார் 'நன்றாகப் படிக்கிறானாம்' என்று மொழிபெயர்க்கப்பட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடும், சிறப்புக் கல்விக்கான சோதனைகளுக்கு ஒப்புதல் வேண்டும் என்ற செய்தியை அவனே தாய்க்குச் சொல்ல நேரும்போது சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. சட்டப்படி அந்தச் சோதனைக்கும் சேர்க்கைக்கும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் இடப்படும் கையெழுத்துக்கு ஒப்புதல் என்று பெயரில்லை. வீட்டுக்குள் இதன் விளைவு இன்னும் ஆழமானது. வங்கி, மருத்துவமனை, பள்ளி என எல்லா இடங்களிலும் பிள்ளையின் நாவை நம்பியிருக்கும் பெற்றோர், அதே பிள்ளையைக் கண்டிக்கும் நிலையை மெல்ல இழக்கிறார்கள்.

2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை அமெரிக்காவின் ஆட்சிமொழியாக அறிவித்த அதிபர் ஆணை, பிற மொழியினருக்கு அரசு சேவைகள் எட்டும்படி செய்ய 2000-ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட ஆணையை ரத்து செய்தது. ஆகஸ்டில் 2015-இன் கல்விச் சுற்றறிக்கையும் திரும்பப் பெறப்பட்டது. மூலச் சட்டங்கள் மாறவில்லை. 1974 தீர்ப்பும் உயிரோடுதான் இருக்கிறது. ஆயினும் பள்ளி நிர்வாகங்கள் தீர்ப்பைப் படித்து நடப்பதில்லை, சுற்றறிக்கையைப் படித்தே நடக்கின்றன. நிதி நெருக்கடியில் எதைக் குறைக்கலாம் என்று தேடும் ஒரு கண்காணிப்பாளருக்கு, மொழிபெயர்ப்பாளரின் சம்பளம் இனி எளிதில் கண்ணில் படும்.

மறுதரப்பின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. ஓரிரு ஆண்டுகளுக்குள் பல நூறு புதிய மாணவர்கள் வந்து சேர்ந்த சிறு நகரங்களில் ஆசிரியர் பற்றாக்குறையும் இட நெருக்கடியும் மெய்யானவை. வரி செலுத்துவோரின் மனக்குறையை இனவெறி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரியன்று. டென்னசி மாநில மேலவை 2025 ஏப்ரலில், ஆவணமற்ற மாணவர்களுக்குக் கட்டணம் விதிக்கவோ இடம் மறுக்கவோ பள்ளிகளுக்கு அதிகாரம் தரும் மசோதாவை நிறைவேற்றியபோது முன்வைக்கப்பட்டதும் இந்தச் செலவு வாதம்தான். மத்திய அரசின் நிதி கைநழுவுமோ என்ற அச்சத்தில் கீழவையில் அது நின்றுபோயிற்று. பிளைலர் தீர்ப்பையே மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் கொண்டுசெல்லும் நோக்கம் அதன் பின்னால் இருந்தது வெளிப்படை. ஆனால், செலவைக் காரணம் காட்டுவோர் ஒரு கணக்கைப் போடுவதில்லை. பெற்றோரைப் பள்ளியிலிருந்து விரட்டுவதால் மாணவர் எண்ணிக்கை உடனடியாகக் குறையாது. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் பின்தங்குவதுதான் முதலில் நடக்கும். அந்தச் செலவும் அதே நகரத்தின் தலையில்தான் விடியும்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் இந்தச் சித்திரத்தில் எங்கே நிற்கிறார்கள்? மென்பொருள் துறையில் பணிபுரியும் தமிழ்ப் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியும், சட்டப்படியான விசா இருக்கிறது. பெற்றோர்-ஆசிரியர் கழகத்தில் பொறுப்பு வகிப்போரும் உண்டு. அவர்களுடைய தயக்கம் வேறு வகையானது. சேர்க்கையின்போது 'வீட்டில் பேசும் மொழி எது?' என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு வைத்துத் தனி வகுப்பில் அமர்த்திவிடுவார்களோ என்று அஞ்சி, ஆங்கிலம் என்று எழுதிவிடும் குடும்பங்கள் பல. வீட்டில் தோசை கேட்கும் மொழி பள்ளிக் கோப்பில் இல்லாமல் போகிறது. மெக்சிகோத் தொழிலாளியின் அச்சத்தோடு இதை ஒப்பிடுவது பொருத்தமில்லை. ஆனாலும், பள்ளியின் முன் தம்மைச் சற்று மறைத்துக்கொள்வது வசதியுள்ள குடியேறியையும் விட்டுவைப்பதில்லை என்பது இதிலிருந்து புலனாகிறது.

பள்ளியே பெற்றோரைத் தேடிப் போகும் முயற்சிகளும் அந்நாட்டில்தான் தோன்றின. 1990-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில், ஆசிரியர்கள் இருவர் இருவராக மாணவர் வீடுகளுக்குச் செல்லும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது பல மாநிலங்களுக்குப் பரவியது. புகார் சொல்லப் போகக் கூடாது, பிள்ளையைப் பற்றிய உங்கள் கனவு என்ன என்று கேட்க வேண்டும் என்பது அதன் விதி. ஆசிரியருக்கு அந்த நேரத்துக்கு ஊதியம் உண்டு. சிகாகோவின் லோகன் சதுக்கப் பகுதியில் 1995 முதல், குடியேறித் தாய்மார்களையே சிறு ஊதியத்துடன் வகுப்பறை உதவியாளர்களாக அமர்த்தி வருகிறார்கள். அவர்களில் சிலர் பின்னர் ஆசிரியர்களாகவே ஆனார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, 'வரவில்லை' என்று பதிவேட்டில் குறிப்பதைவிட இவை செலவு மிக்கவை, பலன் மிக்கவையும்கூட. ஆனால், இவை அனைத்தும் கதவைத் தட்டும் ஓசையை நம்பியிருப்பவை. தட்டுவது ஆசிரியரா, அதிகாரியா என்று தெரியாத வீட்டில் கதவு திறக்காது.

மியாமி-டேட் பள்ளி மாவட்டத்தில், முந்தைய கல்வியாண்டில் சுமார் 14,000 ஆக இருந்த வெளிநாட்டுப் புதுவரவு மாணவர் எண்ணிக்கை, 2025-இல் தொடங்கிய கல்வியாண்டின் முதல் சில மாதங்களில் ஏறக்குறைய 2,500-இல் நின்றது. எல்லை மூடப்பட்டதே இதற்கு முதன்மையான காரணம். புதியவர்கள் வருவது நின்றாலும், ஏற்கெனவே அங்கு வாழும் லட்சக்கணக்கான குடும்பங்கள் நாளையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும்.

தொலைதூரத்து நியாயத்தைப் பேசிவிட்டு நம் தெருவைப் பாராமல் இருப்பது முறையாகாது. எல்லை கடக்காமலேயே அயலாராகும் நிலை இந்தியாவில் உண்டு. 2025 ஜூலையில் குருகிராமில் வங்க மொழி பேசும் தொழிலாளர்கள் வங்கதேசத்தவரோ என்ற ஐயத்தில் பிடித்து வைக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குடிசையைப் பூட்டிவிட்டு ஊர் திரும்பின. அவர்களோடு போன பிள்ளைகளின் கல்வியாண்டு நடுவிலேயே முறிந்தது.  தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது அச்சத்தைப் போக்க அரசே முனைந்தது. ஆனால், மொழியின் சுவர் இங்கும் இருக்கிறது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வரையறுத்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும், சென்னைப் புறநகரின் கட்டுமானப் பணிகளிலும், செங்கல் சூளைகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பெற்றோருக்கு அந்தக் குழுவின் கூட்டம் எந்த நாளில் நடக்கிறது என்பதே எட்டுவது கடினம். அறிவிப்பு தமிழில் வருகிறது. கூட்டம் வேலை நேரத்தில் நடக்கிறது. ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. அவர்களுடைய பிள்ளைகள் ஓராண்டுக்குள் சரளமாகத் தமிழ் பேசக் கற்றுவிடுகிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்குரியதே. வகுப்பாசிரியர் சொல்வதைத் தந்தைக்கு இந்தியில் சொல்லும் வேலையும் அந்த எட்டு வயதுக் குழந்தையின் தலையில்தான் விழுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய நிதி தேவையில்லை. புலம்பெயர்ந்த மாணவர்கள் கணிசமாகப் படிக்கும் பள்ளிகளைக் கல்வித் துறை தன் பதிவேடுகளைக் கொண்டே கண்டறிய இயலும். அப்பள்ளிகளில் கூட்ட அறிவிப்பை இந்தி, ஒடியா, வங்க மொழிகளிலும் தரலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் கூட்டலாம். இங்கேயே வளர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை மாத ஊதியத்தில் மொழிபெயர்ப்பாளர்களாக அமர்த்தலாம். மேலாண்மைக் குழுவின் அடுத்த மறுகட்டமைப்பில், இத்தகைய பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஓரிடமாவது புலம்பெயர்ந்த பெற்றோருக்கு என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.